மூடுபனியில் விழுந்த கொக்கு

போர்ட் அன்செல்ம், டெக்சஸ்
ஜனவரி 13

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "வேலைல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குக் காது கேட்காமல் போய்விடும். அதனால்தான் கடிதம். இதை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது. வாயில்தான் கொழுக்கட்டை, கண் இருக்கிறது அல்லவா, படி.

வடக்கு டகோட்டாவில் விடுகிற மூச்சு மீசையிலேயே உறைந்துபோகிறது என்று டிவியில் காட்டினார்கள். "அவனுக்குத்தான் மீசையே கிடையாதே" என்று உன் அப்பா சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எண்ணெய்க் கிணற்று வேலை, பராக்குப் பார்க்காமல் செய். கையுறையைக் கழற்றிவிட்டு இரும்பைத் தொடாதே. அவர்கள் சொன்ன தேதிக்கு முன்பே இப்படி அரக்கப்பரக்கக் கிளம்பிப் போனாயே, போனதும் வேலை கொடுத்தார்களா, இல்லை தகரக் கொட்டகையில் சும்மா உட்கார்த்தி வைத்தார்களா? உனக்குக் கட்டிக் கொடுக்கலாம் என்று கசகசா வைத்த கோலாச்சி ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மாவு பொங்கி வழிந்து கிடக்கிறது, உன் படுக்கை காலி. சுட்டதையெல்லாம் பாதர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அப்பாவின் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. மூட்டை மாற்றவேண்டும் என்கிறார் டாக்டர். "என்னோட சேர்ந்து தேயட்டும் விடுங்க" என்கிறார் இவர். நம் நாய் பிஸ்கட்தான் கவலையாக இருக்கிறது. தட்டில் போட்டதை முகர்ந்துவிட்டுப் போய் பிக்கப் வண்டியின் பின்னால் படுத்துக்கொள்கிறது. நீ மறுபடியும் வாத்து வேட்டைக்குக் கூட்டிப்போவாய் என்று காத்திருக்கிறது போலும்.

சனிக்கிழமைகளில் பறவைக் காப்பகத்துக் கோபுரத்தில், வருகிறவர்களுக்குப் பறவைகளைக் காட்டுகிற என் முறை வழக்கம்போல் நடக்கிறது. இந்த வருஷம் மழை பொய்த்ததால் சதுப்பில் உப்பு ஏறிக் கிடக்கிறது. நண்டு குறைவு. ஆனாலும் வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது அகப்பட்டுவிடுகிறது. போன வாரம் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்கள் கூட்டமாக வந்து சேற்றைத் துழாவின. வெயில் வந்ததும் முதலைகள் கரையில் ஏறி மரக்கட்டை மாதிரிக் கிடக்கின்றன. ஒஹாயோவிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதை நிஜ மரக்கட்டை என்று நினைத்துக் கிட்டே போய்ப் படம் எடுக்கப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் முதலையே தண்ணீரில் குதித்துவிட்டது. புல்வெளிமேல் பூனைப்பருந்து ஒன்று தினமும் தாழப் பறந்து எலி தேடுகிறது. வெள்ளை வாத்துகள் மட்டும் எப்போதும்போல் ஆயிரக்கணக்கில் வந்து இரைச்சல் போடுகின்றன.

ஆனால் ரஸ்ஸல், பெருங்கொக்குக் குடும்பத்தில் ஏதோ நடந்துவிட்டது. கோபுரத்துக்கு நேர் எதிரே தங்குமே, அந்த வெள்ளை ஜோடியும் துருநிறக் குஞ்சும். நவம்பரில் அவை வந்து இறங்கியபோது நீயும்தானே என்னோடு நின்று பார்த்தாய். அந்தக் குஞ்சு நண்டைக் கொத்தத் தெரியாமல் கொத்தி, நண்டு அதன் அலகைக் கவ்விக்கொள்ள, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இப்போது பெரிய கொக்கு ஒன்றுதான் இருக்கிறது. காலில் நீல வளையம் போட்ட ஆண் கொக்கைக் காணவில்லை. நீ கடைசியாக வேட்டைக்குப் போனாயே, கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி, அந்தச் சனிக்கிழமையிலிருந்து காணவில்லை.

அன்று நான் கோபுரத்தில்தான் இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை, காதுதான் வேலை செய்தது. நீங்களெல்லாம் உரிமம் வாங்கிச் சுடுகிற சாம்பல் கொக்குகள் கூட்டமாகத் தலைக்குமேல் போகிற சத்தம் கேட்டது. பிறகு வெடிச்சத்தம். வாத்து சுடுகிறார்கள் என்று வந்தவர்களிடம் சொன்னேன். இப்போது யோசித்தால் மனசு ஒரு மாதிரி இருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நீகூட ஏதோ கேட்டாயே, "சாம்பல் கொக்குக் கூட்டத்தோட பெருங்கொக்கும் சேர்ந்து பறக்குமாம்மா?" என்று. பறக்கும், ஆனால் பெருங்கொக்கின் வெள்ளையையும் உயரத்தையும் பார்த்த பிறகும் குழம்புகிறவன் குருடனாகத்தான் இருப்பான் என்று நான் சிரித்தேன். நீ கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாய். சில்லி இறைச்சிக் குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பனிக்குள் நீ எதையாவது பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு வரி எழுது. காப்பகத்து அதிகாரி கான்ட்டூ எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக அங்கே கோயில் இருக்கிறதா என்று விசாரி. இல்லையென்றால் படுக்கும்போது ஒரு ஜெபமாவது சொல்.

பாசமுள்ள அம்மா,
பெர்னடின்


போர்ட் அன்செல்ம்
ஜனவரி 29

அன்பு ரஸ்ஸல்,

உன் பதில் வந்தது. கடிதம் எழுதினால் போனில் நாலு வார்த்தை தட்டி அனுப்புகிறாய். "நல்லா இருக்கேன். பறவையப் பத்தி எழுதாதே." பறவையைப் பற்றி எழுதாமல் நான் வேறு எதைப் பற்றி எழுதுவது? உன் அப்பா தினமும் எத்தனை தடவை இருமினார் என்றா? கோபித்துக்கொள்ளாமல் படி. இந்தத் தடவை நீ செய்யவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

கொக்கு கிடைத்துவிட்டது. உயிரோடு இல்லை. நம் நண்டுக்காரர் வின்தான் கண்டெடுத்தார். நண்டுக் கூண்டுகளைத் தூக்கிப் பார்க்க மேற்கு வாய்க்காலில் படகை விட்டிருக்கிறார். கோரைப்புல்லுக்கு ஓரமாகப் பெண் கொக்கு நின்று கத்திக்கொண்டிருந்ததாம். படகு அத்தனை கிட்டே போயும் நகரவில்லையாம். என்னடா இது என்று இறங்கிப் பார்த்திருக்கிறார், புல்லுக்குள்ளே இது கிடந்திருக்கிறது. நரியும் கழுகும் தொட்டது போக மிச்சம். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றிச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் படகில் வைத்து, நேரே காப்பகத்துப் படகுத்துறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதுதான் அவர் செய்த தப்பு. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்பதால் இந்தப் பறவையின் இறகைக்கூடத் தொட்டு எடுக்கக்கூடாது என்பது சட்டம். "பாத்த எடத்துலயே விட்டுட்டு எனக்குப் போன் பண்ணியிருக்கணும் சார்" என்று கான்ட்டூ தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் உடம்பில் குண்டு இருந்திருக்கிறது. வின்னின் படகில் ஒரு பழைய துப்பாக்கி. வாத்துக்கு என்று எல்லாரும்தான் வைத்திருக்கிறார்கள், உன் அப்பாவிடம் இரண்டு இருக்கிறது. அந்த மூடுபனிச் சனிக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். "வாய்க்கால்லதான் இருந்தேன், கூண்டு போட்டுக்கிட்டு" என்று மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டார். போதாதா? படகைப் பிடித்துக் கரையில் கட்டிவிட்டார்கள். வழக்குப் போடப்போகிறார்களாம். குற்றம் என்று தீர்ப்பானால் சிறை. நண்டு பிடிக்கிற உரிமமும் போய்விடும். அது போனால் அவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பெட்ரோல் பங்க் கடையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன், எனக்குப் பின்னால் நின்றவன், "அவங்க எதத்தான் திங்க மாட்டாங்க, கொக்க மட்டும் விட்டுவைப்பாங்களா" என்று சொல்லிச் சிரிக்கிறான். கூட நின்றவர்களும் சிரிக்கிறார்கள். ஏண்டா, தின்னுகிறவன் பத்திரமாகக் கோட்டில் சுற்றி அதிகாரி கையில் கொண்டுபோய்க் கொடுப்பானா என்று கேட்டேன். வின்னும் அவர் மனைவி ஹுவேயும் வியட்நாமிலிருந்து இந்த ஊருக்கு வந்து உன் வயதைவிட அதிக வருஷமாகிவிட்டது. இன்னும் அவர்கள் 'அவங்க'தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியைக் கீழே கொட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். எந்த அநியாயத்துக்கும் மேசையைத் தட்டுகிற மனுஷர், இதற்கு மட்டும் ஊமையானது எனக்குப் புரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்பும் எழுந்து நின்று, வின்னை எனக்குத் தெரியும், அவர் சுடவில்லை, சுட்டவன் யாரோ வெளியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வரவர அம்மாவுக்கு வாய் நீளுகிறது என்று நினைப்பாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று விட்டுவிட முடியுமா?

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். அன்று காலை நான் கோபுரத்துக்குப் போகிற வழியில் மேற்கு மண்கரையோரம் நம் பிக்கப் நின்றது, பனியில் அதில் முட்டிக்கொள்ள இருந்தேன். அப்படியானால் நீ அந்தப் பக்கம்தானே இருந்திருக்கிறாய். வேறு யாரையாவது பார்த்திருப்பாய். எந்தத் திசையிலிருந்து சுட்டார்கள் என்றாவது கேட்டிருப்பாய். வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் பனி விலகக்கூடப் பொறுக்கமாட்டார்கள். "பனி இருந்தா துப்பாக்கிய மடக்கி வை, றெக்கை நுனி கண்ணுல பட்டாத்தான் நிமித்து" என்று உன் அப்பா உனக்குச் சொன்னதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நீ கான்ட்டூவுக்கு ஒரு போன் போட்டு, பார்த்ததைச் சொல். நம் வீட்டுப் பிள்ளை சொல்கிறான் என்றால் கேட்பாள். வின் தப்பித்துவிடுவார். அவளுடைய எண் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ வேண்டாம் என்றாலும் ஒன்று சொல்கிறேன். பெருங்கொக்கு ஜோடியாகக் கூவுவதைக் கேட்டிருப்பாய். ஒன்று தொடங்கும், அது முடிக்குமுன் மற்றது எடுத்துக்கொள்ளும், கேட்கிறவனுக்கு ஒரே குரல் போலிருக்கும். இப்போது பெண் கொக்கு தொடங்குகிறது. தொடங்கிவிட்டு நிறுத்திக் காத்திருக்கிறது. பிறகு மறுபடியும் தொடங்குகிறது. கோபுரத்தில் நிற்கிறவர்கள் படம் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நேற்று எனக்குத் தாங்கவில்லை, கீழே இறங்கி வந்துவிட்டேன். குஞ்சுக்கு ஊட்டவும் அதுவே, காவல் நிற்கவும் அதுவே. பக்கத்து ஜோடி வேறு எல்லை தாண்டி வந்து விரட்டத் தொடங்கியிருக்கிறது.

கான்ட்டூவுக்குப் பேசிவிட்டு எனக்குச் சொல். மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா


போர்ட் அன்செல்ம்
சாம்பல் புதன்

ரஸ்ஸல்,

இதை அவசரத் தபாலில் போடுகிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது படி.

பிஸ்கட்டின் கம்பளி நாறுகிறது என்று பிக்கப்பின் பின்னாலிருந்து எடுத்துத் துவைக்கப் போனேன். உதறினால் மடிப்புக்குள்ளிருந்து ஓர் இறகு விழுந்தது. முழங்கை நீளம். அடி வெள்ளை, நுனி கரிக்கறுப்பு, தண்டில் காய்ந்த ரத்தம். வெள்ளை வாத்துக்கும் நுனி கறுப்புதான், ஆனால் எந்த வாத்துக்கு முழங்கை நீளத்தில் இறகு இருக்கிறது? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைத்தானே நான் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட் வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. பாவம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. விழுந்ததை எடுத்துக்கொண்டு வந்து உன் காலடியில் போட்டிருக்கிறது.

பெற்ற மனம் பித்து என்பார்கள். எனக்கு அன்று ராத்திரியே தெரிந்திருக்கவேண்டும். நீ கேட்ட கேள்வி, பாதியில் வைத்த கிண்ணம், விடியுமுன் காலியான படுக்கை எல்லாம் கண்ணெதிரே இருந்தது. இதில், நீ சாட்சி சொல்லி வின்னைக் காப்பாற்று என்று உனக்கே கடிதம் எழுதியிருக்கிறேன் பார், என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா? அதைப் படித்துவிட்டு நீ எப்படிச் சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய்?

இறகை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "தெரியும்டி. அன்னிக்கே தெரியும்" என்றார். நீ வந்த கையோடு அவர்தான் பிக்கப்பைக் கழுவினாராம். வண்டி வாங்கிய நாள்முதல் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷர்! வடக்கே சீக்கிரம் கிளம்பிப் போய்விடு என்று உன்னிடம் சொன்னதும் அவர்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு பேருமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். "வின்னுக்கு வக்கீல் இருக்கான், ஜூரி விட்டுடும். நம்ம பையன் பேரு அடிபட்டா அவன் எழுந்திரிக்கவே மாட்டான். ஒரு கொக்குக்காகப் பெத்த புள்ளையப் புடிச்சுக் குடுக்கப் போறியா பெர்னடின்?" என்று கேட்டார். கொக்குக்காக இல்லை எமில், வின்னுக்காக என்றேன். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தனியாக ஹாலில் படுப்பது இதுதான் முதல் தடவை. இடுப்பு வலியோடு சோபாவில் புரளுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவர்மேல் கோபம்தான், ஆனால் அவரும் பயந்துபோய்த்தான் செய்திருக்கிறார் என்பதும் தெரிகிறது.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று சரியாகப் புரிந்துகொள். நீ சுட்டதற்காக இல்லை. அந்தப் பனியில் வெள்ளையும் சாம்பலும் ஒன்றுதான், சாம்பல் கொக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கும், இரண்டு நிமிஷம் பொறுக்காமல் நிமிர்த்திவிட்டாய். அவசரம், அறியாமை, என்ன வேண்டுமானாலும் சொல். குருடன்தான் குழம்புவான் என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பை என் தொண்டையிலேயே விழுங்கிக்கொள்ள மாட்டேனா என்று இருக்கிறது. நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த மேசையிலேயே சொல்லியிருப்பாயோ என்னவோ. ஆனால் அதைக் கோரைக்குள் இழுத்துப் போட்டு மறைத்தாயே. அதன் ஜோடி உன் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியிருக்குமே, அதைக் கேட்டுக்கொண்டே மறைத்தாயே. அதைவிட, வின் மாட்டிக்கொண்டார் என்று நான் எழுதிய பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறாயே. இதுதான் எனக்கு ஆறவில்லை. நான் பெற்றவன் கோழையாக இருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்வேன். இன்னொருவன் தலையில் ஏறி நிற்கிறவனாக இருக்கக்கூடாது.

திங்கட்கிழமை வின் வந்தார். மெலிந்து பாதியாகிவிட்டார். கையில் ஒரு வாளி நண்டு. படகுதான் இல்லையே, பாலத்தடியில் கயிற்றில் கோழிக்கழுத்தைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார், சின்னப் பையன்கள் பிடிப்பதுபோல். "கோயில்ல எல்லார் முன்னாடியும் எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தான் அக்கா. வேற என்னத்தக் குடுக்கறது உங்களுக்கு" என்றார். ஹுவே வெளியே கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாளாம். வாசலில் யாரோ செத்த வாத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரஸ்ஸல் எப்படி இருக்கிறான், அங்கே குளிர் தாங்குகிறானா என்று உன்னைத்தான் விசாரித்தார். நான் வாளியை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த நண்டை நான் எப்படி அடுப்பில் வைப்பேன்? வாளியோடு தூக்கிக்கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தேன்.

கோபுரத்துக்கு எதிரே இப்போது ஒன்றும் இல்லை. பக்கத்து ஜோடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெண் கொக்கும் குஞ்சும் தூரத்து உப்பங்கழிக்கு ஒதுங்கிவிட்டன. அங்கே தண்ணீரும் உப்பு, இரையும் இல்லை. குஞ்சு தேறுமா என்று கான்ட்டூவுக்கே சந்தேகம். வருகிறவர்கள் எங்கே அந்தக் குடும்பம் என்று கேட்கிறார்கள். நான் கரண்டிவாயனைக் காட்டி அனுப்பிவிடுகிறேன்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை கோபுரத்தில் இருந்தது நான்தானே. மேற்கு மண்கரையில் யார் வண்டி நின்றது என்று கேட்பார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்பார்கள். "பனியில ஒன்னும் தெரியலன்னு சொல்லிடு, பாதி உண்மைதானே" என்று அப்பா காகிதத்தில் எழுதிச் சாப்பாட்டுத் தட்டின் கீழ் வைக்கிறார். பைபிளில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பாதியை என்னால் சொல்ல முடியாது. அதற்காக, உன் பெயரை என் வாயால் சொல்லிவிட முடியும் என்றும் நினைக்காதே. தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயர் அது. இரண்டும் முடியாதவளை நடுவில் நிறுத்திவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டீர்கள்.

யாருக்கும் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இறகு மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை வைத்திருப்பதும் குற்றம்தான், தெரியும். இன்று காலை பாதர் நெற்றியில் சாம்பல் பூசும்போது, நீ மண் என்று நினைவில் வை என்று அவர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. எனக்கு முன்னால் வரிசையில் ஹுவே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

வா, ரஸ்ஸல். வேலை போனால் போகட்டும், கைகால் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். நேரே வீட்டுக்கு வராதே, வந்தால் அப்பா பேசிப் பேசி உன் மனசைக் கரைத்துவிடுவார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் நிற்பேன். இரண்டு பேருமாகக் கான்ட்டூவிடம் போவோம். நீயாகச் சொன்னால் ஒரு விதம், பிடிபட்டால் வேறு விதம் என்று வக்கீலிடம் பேர் சொல்லாமல் கேட்டு வைத்திருக்கிறேன். அதன்பிறகு வின் வீட்டுக்கும் போகவேண்டும். அங்கே என்னால் பேச முடியாது, நீதான் பேசவேண்டும். என்ன தண்டனை கொடுத்தாலும் அதைக் கொடுக்கிற நாளில் உனக்குப் பின்னால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஞாயிறு தவறாமல் வந்து பார்ப்பேன். ஊர் என்ன சொன்னாலும் இவன் என் பிள்ளை என்றுதான் சொல்வேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அதை நான் நிமிர்ந்து சொல்லும்படி செய்.

மாதா உன்னைக் கைபிடித்துக் கூட்டிவரட்டும். வழியில் வெறும் வயிற்றோடு இராதே. நல்ல கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொள்.

அவர்கள் என்னைக் கேட்பதற்கு முன்னால் வந்துவிடு, ராசா.

உன் அம்மா